நடுங்காத ஹாண்டில்

வாவிக்கு மேற்கே வயல்கள் கிடக்கும் படுவான்கரையில் உழவு மெசின் வைத்திருக்கிறவர்களுக்குள் உதயரூபனைப் போல ஒரு சுத்தக்காரனை யாரும் கண்டதில்லை. மற்றவர்களுடைய லாண்ட்மாஸ்டரில் போன போகத்துச் சேறும் அதற்கு முந்திய போகத்துச் சேறும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடக்கும். உதயரூபனுடையதில் இலையைப் போட்டுச் சோறு தின்னலாம். வயலால் ஏறியதும் வாய்க்காலில் இறக்கிக் கழுவுவான், கழுவியதைத் துடைப்பான், துடைத்ததைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு மறுகாலும் துடைப்பான். "என்ன, மாப்பிள்ளைக்கு இண்டைக்குத்தான் கலியாணமோ?" என்று வரம்பால் போகிறவர்கள் மெசினைக் காட்டிக் கேட்பார்கள். அவன் துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த சில்லுக்குப் போவான். அவன் துடைத்தது வயல் சேற்றுக்குப் பயந்து அல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பகிடி விட்டிருக்க மாட்டார்கள்.

லாண்ட்மாஸ்டர் என்றால் இரண்டு சில்லுள்ள சின்ன உழவு மெசின். மாட்டுக்கொம்பு மாதிரி நீண்டு வருகிற இரண்டு ஹாண்டிலையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் உழவு. பெட்டியைக் கொழுவி அதில் ஏறி இருந்தால் வண்டி. றோட்டு வேண்டாம், பாலம் வேண்டாம். சேறோ மணலோ அதற்குக் கவலை இல்லை. கவலை எல்லாம் ஓட்டுகிறவனுக்குத்தான். ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின் குலுக்குகிற குலுக்கு முழுவதும் அந்த இரும்புக் குழாய் வழியாக வந்து கையில் இறங்கும். பொழுதுபட வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் பாதி மடியில்தான் கொட்டும்.

உதயரூபன் முதலில் வயல்காரன் அல்ல. நாவலடியில் சுலோஜனாவைக் கட்டி, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டோடு வந்து குடியேறியவன். நாவலடி என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் கிடக்க நடுவில் நாக்கு மாதிரி நீண்ட மணல். அந்த மணலில் லொறி இறங்கினால் புதையும். இவன் லாண்ட்மாஸ்டரைக் கொண்டுபோய்த் தோணியடியில் நிறுத்தி, மீனை ஏற்றிக்கொண்டு கெத்தாக றோட்டுக்கு வருவான். சுலோஜனா வாசலில் நின்று, "மெல்லப் போங்க, மீனெல்லாம் திரும்பக் கடலுக்குப் பாயப்போகுது" என்று சிரிப்பாள். நல்ல சிரிப்பு அவளுடையது.

2004 மார்கழியில், நத்தார் என்கிற கிறிஸ்மசுக்கு மறுநாள், நாலு வயது மகள் பிரஷாந்திக்குக் காய்ச்சல் என்று அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உதயரூபன் டவுனுக்குப் போயிருந்தான். சுலோஜனா வீட்டில் நின்றாள். கடல் வந்தது. அதற்கு மேல் விரித்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை, கூப்பிட்ட பேருக்கு ஏன் என்று கேட்க ஆளும் இல்லை. நாள்கணக்காகச் சுலோஜனாவைத் தேடினான். கிடைத்தது மெசின். கடல் அதைத் தூக்கி நாவலடிக்குக் குறுக்கே எறிந்து, வாவிக் கரையில் கழுத்துவரை மண்ணில் புதைத்துவிட்டிருந்தது.

"இரும்பைத் திருப்பித் தந்திருக்கு பாருங்க" என்று உதயரூபன் அதைக் காலால் உதைத்தான். "கிடந்து உக்கட்டும்."

அதை உக்க விடாதவர் சரீப் காக்கா. ஏறாவூரில் மெசின் திருத்துகிறவர். ஊரார் சமைத்த சோற்றுப் பார்சல்களோடு நாவலடிக்கு வந்தவர், பார்சலைக் கொடுத்துவிட்டு மெசினடியில் குந்திவிட்டார். சோறு கொடுக்க வந்த மனிதனுக்கு எண்ணெய்க் கை சும்மா இருக்குமா? "ஓய் தம்பி, நீ கோவிக்கிற ஆளோட கோவி. இது உனக்கு என்ன செய்தது? மகளுக்குச் சோறு போட உனக்கு வேற என்ன கிடக்கு?" என்றார். ஆட்களைப் பிடித்து இழுத்து ஏற்றி, ஏறாவூருக்குக் கொண்டுபோய், எஞ்சினைப் பிரித்துக் கழுவிக் கோத்தார். முன் லைற் நொறுங்கிப்போனதால் பழைய மோட்டார்சைக்கிள் லைற் ஒன்றை இரண்டு ஹாண்டிலுக்கும் நடுவில் பொருத்தினார். ஹாண்டில் பிடியின் றப்பர் மட்டும் உப்பில் இறுகிக் கழலவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு மெசின் ஓடின ஓட்டம் இருக்கிறதே! எஞ்சின் முன்னுக்குக் குலுங்கும், ஹாண்டில் சும்மா கிடக்கும். முன்பெல்லாம் கையை உதறின மெசின் இப்போது பஞ்சு மாதிரி. "காக்கா, என்ன செய்தீங்க?" என்று உதயரூபன் கேட்க, சரீப் காக்கா தாடியைத் தடவி, "கைராசி மனே, கைராசி" என்றார்.

மகளைத் தூக்கிக்கொண்டு அவன் படுவான்கரையில் உன்னிச்சைப் பக்கம் போனான். அங்கே சுலோஜனாவின் மூத்த அக்கா கண்ணகை இருந்தாள். கடலே தெரியாத இடம். அது ஒன்றுக்காகவே அந்த இடம் அவனுக்குப் பிடித்தது. இரண்டாயிரத்து ஏழில் சண்டை அந்தப் பக்கத்தையும் விடவில்லை. எல்லோரையும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு அகதி முகாமுக்கு ஓடினான். அன்று முழுக்கப் பிரஷாந்தி அவன் மடியில் இருந்தாள். கன்னத்தை ஹாண்டிலில் சாய்த்தபடியே உறங்கிப்போனாள். மெசின் போட்ட சத்தத்தில் ஊர் அதிர்ந்தது, பிள்ளை அசையவில்லை.

திரும்பி வந்தார்கள். 2009இல் சண்டை முடிந்தது. வருடக்கணக்காகப் பற்றை பிடித்துக் கிடந்த வட்டைகள், பெரிய வயல்வெளிகள் எல்லாம் அந்த மாரிக்கு விதைக்கத் திறந்தன. ஒரு பெரிய வட்டைக்கு ஊரில் உள்ள மெசின் போதாது, கூப்பிட்டவர்கள் எல்லோருக்கும் உழுதால் வீடு கட்டலாம், பிரஷாந்தியைப் படிப்பிக்கலாம். உதயரூபனுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உழவு தொடங்குமுன் ஆயுத பூசை வந்தது. பூசைக்கு மெசினைப் புதுசாக்கிச் சந்தனம் வைப்போம் என்று கழற்றத் தொடங்கினான். நட்டெல்லாம் மாற்றினான், பெல்ட் மாற்றினான், சிவப்புப் பெயின்ற் அடித்தான். கடைசியாக, யாரும் தொடாத அந்தப் பழைய றப்பர்ப் பிடிகளைச் சூடுகாட்டி இழுத்தான்.

குழாய்க்குள் இருந்து மண் கொட்டியது. வெள்ளை மணல், நாவலடிக் கடல் மணல். சின்னச் சிப்பியொன்றும் கூடவே விழுந்தது. இத்தனை வருடம் அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரிந்தது அதைத்தான். அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஹாண்டிலைக் கழற்றிக் கவிழ்த்து, கட்டையால் அடித்தான், கம்பி விட்டுக் கிண்டினான், தண்ணீர் விட்டு அலசினான். "எண்ட மெசினுக்குள்ள கடலிண்ட ஒரு மணி மண்ணும் இருக்கப்படா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். பிரஷாந்தி பயந்துபோய் வேலியோரம் நின்று பார்த்தாள். கொட்டிய மணலை வாரி வாய்க்காலில் கரைத்துவிட்டு வந்துதான் அவன் சோறு தின்றான்.

பூசை நன்றாக நடந்தது. மாலை போட்ட மெசினை மறுநாள் ஸ்டார்ட் பண்ணி ஹாண்டிலைப் பிடித்தான். பேய் பிடித்த மாதிரி அது உதறியது.

நட்டு இறுக்கவில்லையோ என்று இறுக்கினான். பெல்ட் பிழையோ என்று பழைய பெல்ட்டைப் போட்டான். ரயருக்குக் காற்றைக் கூட்டினான், குறைத்தான். பழையதுக்குப் பதிலாகப் போட்ட புதுப் பிடியின்மேல் சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றினான். ஒன்றும் சரிவரவில்லை. மழைக்கு முன் உழவு முடிய வேண்டுமே, நின்று யோசிக்க நேரம் ஏது? அப்படியே உழுதான். முதலில் கை கடுத்தது. பிறகு விறைத்தது. பிறகு விரல் நுனியெல்லாம் வெளுத்து, நுள்ளினாலும் தெரியாமல் போயிற்று. நடுவில் இருந்த லைற்றும் அந்த உதறலில் தாக்குப்பிடிக்கவில்லை. பல்ப்பைப் போடப் போட இழை அறுந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பிரஷாந்திக்கு இடுப்பு வரைக்கும் முடி, அப்படியே சுலோஜனாவின் முடி. பள்ளிக்கூடத்துக்கு அதை இரட்டைப் பின்னலாகப் பின்னிவிடுகிறது உதயரூபன்தான். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய புதிதில் கண்ணகை பின்ன வந்தபோது, பிள்ளை அப்பாதான் வேண்டும் என்று அழுதது. தோணிக் கயிறு முறுக்கின கை அது, பழகிக்கொண்டது. காலையில் குசினி வாசலில் மகளை முன்னுக்கு இருத்தி, றிபனைப் பல்லில் கடித்தபடி அவன் பின்னுகிற நேரம்தான் அவனுக்குப் பூசை, அவனுக்குப் பேப்பர், எல்லாம். இப்போது விரலுக்குள் முடி நிற்குதா நழுவுதா என்றே தெரியவில்லை. அவள் வாசல் படலையைத் தாண்டுமுன் பின்னல் அவிழ்ந்தது.

ஒருநாள் பொழுதுபடும் நேரம், குளக்கட்டு றோட்டில் வந்துகொண்டிருக்கும்போது லைற் செத்துப்போயிற்று. முன்னால் பற்றைக்குள் கொப்பு முறிகிற சத்தம். யானை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் ஒரு பெரிய மெசின் வெளிச்சத்தோடு வந்து சேர்ந்தபின்தான் உயிர் திரும்பியது. அந்த மெசின்காரன் முந்திப் போய்ச் சொல்லிவிட்டிருந்தான், வீட்டுக்கு வந்தால் கண்ணகை படலையடியில் நிற்கிறாள், பிரஷாந்தியை இறுக்கிப் பிடித்தபடி.

"போதும் மச்சான்" என்றாள். "நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நேத்துச் சோத்துப் பானையக் கீழ போட்டீங்க. இண்டைக்கு யானை. இந்தக் கோதாரி மெசினை வித்துப்போட்டுக் கட்டாருக்குப் போங்க. அங்க நிக்கிற எண்ட தம்பி விசா எடுத்துத் தாறன் எண்டுறான்தானே. புள்ள எங்கட குடி. தாயில்லாட்டித் தாய்க்கு மூத்தவள்தான் தாய். நான் வளக்கிறன்."

அவள் கெட்டவள் அல்ல. தங்கையைக் கடலுக்குக் கொடுத்தவள், தங்கையின் மகளையும் இழக்கப் பயந்தாள். பிள்ளை தாயின் குலத்தோடு, குடியோடு சேரும் என்பதும் உண்மை. அந்தப் பேச்சுக்கு எங்கள் பக்கத்தில் ஓர் ஆம்பிளை என்ன பதில் சொல்ல முடியும்? தகப்பனிடம் பிள்ளை நிற்பது அவன் உழைத்துச் சோறு போடுகிற வரைக்கும்தான். உதயரூபன் விறைத்த கைகளைப் பார்த்துக்கொண்டு, "பாப்பம் மச்சாள்" என்றான்.

மறுநாள் காலையில் பின்னல் மூன்றாம் முறையும் அவிழ்ந்தபோது பிரஷாந்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அப்பா, முடியக் கட்டையா வெட்டிவிடுங்க. அப்ப பின்னத் தேவையில்லதானே. நீங்க கட்டாருக்குப் போகவும் தேவையில்ல."

உதயரூபன் றிபனைப் பல்லிலிருந்து எடுத்தான். சீப்பைக் கீழே வைத்தான். எழும்பிப் போய் மெசினின் பெட்டியைத் தட்டி, "ஏறு" என்றான். "சரீப் காக்காட்டப் போவம். அவராலயும் ஏலாட்டி மறுகா யோசிப்பம்."

ஏறாவூரில் சரீப் காக்கா ஹாண்டிலைப் பிடித்துப் பார்த்தார். பிடித்த வேகத்தில் கையை எடுத்தார். "அல்லாஹ்வே! இது மெசினா, தேங்காய் துருவிற சாமானா?" அரைநாள் தேடினார். எஞ்சின் நட்டில் தளர்வில்லை, சில்லு நேர், பெல்ட் நேர். எல்லாம் சரியாக இருந்தது, அதுதான் அவருக்குக் கோபம்.

"நீ என்னத்தக் கழட்டினாய்? ஒண்டும் விடாமச் சொல்லு."

உதயரூபன் சொன்னான். நட்டு, பெல்ட், பெயின்ற், பிடி. அவ்வளவுதான் என்றான். மண்ணைச் சொல்லவில்லை. மண் ஒரு சாமானா, சொல்லுவதற்கு?

பெட்டிக்குள் இருந்த பிரஷாந்தி, "அப்பா, ஹாண்டிலுக்குள்ள மண் இருந்ததே. நீங்க அடிச்சு அடிச்சுக் கொட்டினீங்க. அதையும் சொல்லுங்க" என்றாள்.

சரீப் காக்கா நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்து ஹாண்டிலில் ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்று நீளமாக ஒலித்தது. இன்னொரு தட்டு. பிறகு அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

"ஓய், நான் இத்தனை வருசமா எண்ட கைராசி எண்டு ஊரெல்லாம் பீத்திக்கொண்டு திரியிறன். என்னட்ட வாறவனெல்லாம் நாவலடியான்ட மெசின் மாதிரிச் செய்து தாங்க எண்டு கேக்கிறான், நானும் மூளையப் போட்டுக் கசக்கிறன், ஒருத்தன்டயும் வரல்ல! மண்ணுடா அது. வெறுங்குடத்தத் தட்டினா ஒலிக்கும், நிரப்பித் தட்டிப் பாரு. குலுக்கத்தையெல்லாம் அந்த மண் குடிச்சிருக்கு. நீ என்னடா எண்டா அதக் கழுவி ஊத்திப்போட்டு வந்து நிக்கிறாய்!"

வளவில் கிடந்த ஆற்று மண்ணை அள்ளிப் போட்டுப் பார்த்தார்கள். ஈரமும் களியும் கலந்த மண் கட்டிபட்டு ஓரிடத்தில் நின்றுவிட்டது, பாதிக் குழாய் நிரம்பவில்லை. "இது சரிவராது. காய்ஞ்ச கடல் மண்ணுதான் சந்துபொந்தெல்லாம் ஓடும். புன்னைக்குடாக் கடல் கிட்டத்தான், போய் அள்ளிக்கொண்டு வா" என்றவர், உதயரூபனின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இல்லாட்டி நான் போறன் மனே. நீ இரு."

உதயரூபன் கழற்றின பிடியை எடுத்துத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். கடல் பக்கம் அவன் கண்ணைத் திருப்பி ஐந்து வருடம் ஆகப்போகிறது. மகளையும் காட்டவில்லை. கடைசியில், "இல்ல காக்கா. நாவலடிக்கே போறன்" என்றான். சரீப் காக்கா மரத்தில் இரண்டு அடைப்புச் செதுக்கிக் கொடுத்து, தகரத்தை வளைத்து ஒரு புனலும் செய்து கொடுத்தார்.

நாவலடியில் மணல் தொடங்குகிற இடத்தில் மெசினை நிறுத்தினான். கால் அதற்கு மேல் போகவில்லை. பிரஷாந்தி இறங்கிப் போய் நின்று பார்த்தாள். காற்று அவிழ்ந்த முடியை முகத்தில் அடித்தது.

"அப்பா, அம்மா இஞ்சயா?"

"ஓம் புள்ள."

"அப்ப ஏன் நாங்க ஒருநாளும் வரல்ல?"

அவன் ஹாண்டிலை விட்டுவிட்டு மணலில் இறங்கினான். நடந்துபோய் மகளுக்குப் பக்கத்தில் குந்தினான். இரண்டு கையையும் மணலுக்குள் விட்டான். வெயிலில் கிடந்த மணல், சுடத்தான் வேண்டும். அவன் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவனுக்கு வெடித்தது. "எண்ட பெண்டில எடுத்தாய். வீட்ட எடுத்தாய். புள்ளையவும் கையவும் மட்டும் விட்டு வைச்சாய். அதையும் நானே எடுத்துத் தர இருந்தனே!" என்று கடலைப் பார்த்துக் கத்தினான். கத்திக் கத்தி அழுதான். சுலோஜனாவுக்காக அவன் வாய்விட்டு அழுதது அதுதான் முதல்தடவை. பிரஷாந்தி அவன் முதுகில் கையை வைத்தபடி நின்றாள். அழுது முடிந்ததும், "அப்பா, மேல கிடக்கிறது காய்ஞ்ச மண், அதை அள்ளுவம்" என்றாள்.

அள்ளினார்கள். அவள் சிப்பியைப் பொறுக்கி எறிந்துவிட்டுப் புனலால் ஊற்ற, அவன் குழாயைத் தட்டித் தட்டி இறக்கினான். அவள் ஒரு சின்னச் சிப்பியை மட்டும் எடுத்து, "இது முந்தியும் இருந்ததுதானே" என்று கேட்டு உள்ளே போட்டாள். அடைப்பை அடித்து, பிடியை ஏற்றி, புதுப் பல்ப்பையும் போட்டுவிட்டு ஸ்டார்ட் பண்ணினான். எஞ்சின் குலுங்கியது. ஹாண்டில் சும்மா கிடந்தது.

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது பொழுதுபட்டுவிட்டது. வாவித் தண்ணீரில் லைற் வெளிச்சம் ஆடாமல் நேராக விழுந்தது. பிரஷாந்தி அவன் மடிக்கு வந்து, மடியில் இருக்கிற வயது தாண்டிவிட்டதையும் மறந்து, கன்னத்தை ஹாண்டிலில் வைத்துப் பார்த்தாள். "பல்லு ஆடல்ல அப்பா" என்றாள்.

விரல் ஒரே நாளில் திரும்பவில்லை. அந்த மாரி உழவு முழுக்க, மழை முந்தி வந்த வயல்களிலும், அவன் விடாமல் உழுதான். உழ உழ விரலில் வெளுப்புக் குறைந்தது. பிறகு ஊசி குத்துகிற மாதிரி நொந்தது. நொந்தபோது அவன் சந்தோசப்பட்டான். கண்ணகை கட்டார்க் கதையை இரண்டு மூன்று தரம் எடுத்தாள், அவன் "பாப்பம் மச்சாள்" என்றே சொன்னான்.

விதைப்பு முடிந்த பின் ஒரு காலையில், மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தான். றிபன் பல்லில். கண்ணகை கிணற்றடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்குள் முடி நழுவுவதும் நிற்பதும் ஒவ்வொன்றாய் அவனுக்குத் தெரிந்தது. பின்னி முடித்துச் சுருக்குப் போட்டான்.

"ஆ! அப்பா, இறுக்கிப்போட்டீங்க, நோகுது!" என்று பிரஷாந்தி துள்ளினாள்.

உதயரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கண்ணகை குடத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, பின்னலைக் கையில் எடுத்து ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். அது அசையவில்லை.

"தம்பிட்டச் சொல்லிப்போடுறன், விசா வேணாமெண்டு" என்றாள். "கொஞ்சம் இளக்கிப் பின்னுங்க மச்சான். புள்ளைக்கு நோகுதாம்."